ஈயக்குவளை

ஷ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஹோய்மாடன் என்ற பகுதியில் குடியிருந்தேன். ஒரு காலத்தில் தனிக் கிராமம், இப்போது நகரத்தோடு ஒட்டிப்போய்விட்டது. வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. வாடகையில் கறார், கதை சொல்வதில் தாராளம். அந்த ஊர்ப்பக்கம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் முறைவைத்து மாடிப்படி கூட்ட வேண்டும். என் முறை வந்த ஒரு சனிக்கிழமை, நான் கூட்டுவது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், பேச்சோடு பேச்சாக, "நீ என்ஜினியர்தானே, கெப்ளரைத் தெரியுமா?" என்றார்.

தெரியாமலா? பிளஸ் ஒன் இயற்பியலில் மூன்றாம் விதியை மனப்பாடம் செய்த பரம்பரை. கோளின் சுற்றுக்காலத்தின் இருமடி, அதன் நீள்வட்டப் பாதையின் அரை நெட்டச்சின் மும்மடிக்கு நேர்த்தகவில் அமையும். துடைப்பத்தோடு நின்றபடி தெரிந்த ஜெர்மனில் அதை ஒப்பித்தேன். அவர் அதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. "அவருடைய அம்மாவை இந்த ஊர் பாதிரியார் வீட்டிலிருந்துதான் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்" என்றார்.

சவப்பெட்டி என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, துணிமணி வைக்கிற பெட்டி. உள்ளே இருந்த கிழவி உயிரோடுதான் இருந்தார். 1620 ஆகஸ்ட் 7. குற்றச்சாட்டு, சூனியம்.

நம் பாடப்புத்தகத்தில் கெப்ளரின் தாடி வைத்த படம் உண்டு, தாயார் கிடையாது. அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன். அந்தத் தாயார் வாழ்ந்த லேயோன்பர்க் பக்கத்தில்தான், எஸ்6 ரயிலில் ஏறினால் போதும். அதே ரயில் இன்னும் கொஞ்ச தூரம் ஓடி, கெப்ளர் பிறந்த வைல் டெர் ஷ்டாட்டில் போய் நிற்கும். லேயோன்பர்க்கின் பழைய சந்தைத் திடலைச் சுற்றி, மரச்சட்டம் வெளியே தெரியும் வீடுகள். நடுவில் நீரூற்று, ஓரத்தில் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு திரியும் பிள்ளைகள். சுற்றி நின்று பார்த்தால் திடலின் இந்த மூலையில் பேசுவது அந்த மூலையில் கேட்கும். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

அதற்கு முன் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் 'சூனியக்காரி' என்று மொழிபெயர்த்துவிடுகிறோம், வேறு சொல்லும் இல்லை. ஆனால் நம்மூர்ச் செய்வினை என்பது காசு கொடுத்து ஒருவரிடம் செய்யச் சொல்வது. எடுப்பதற்கும் ஆள் உண்டு. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டுவாக்கில் அது வேறு உருவம் எடுத்துவிட்டது. சாத்தானோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஞானஸ்நானத்தைத் துறந்து, இரவில் கூடிக் கும்மாளமிடும் ஒரு ரகசியக் கூட்டம் என்று படித்தவர்களே எழுதிவைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மாட்டுக்குப் பால் வற்ற வைத்தாள் என்ற பழைய புகாருக்கு மேல், கடவுளுக்கு எதிரான ராஜத்துரோகம் என்ற புதிய மாடி கட்டப்பட்டது. கூட்டம் என்று சொல்லிவிட்டால், ஒருத்தியைப் பிடித்ததும் "இன்னும் யார் யார் வந்தார்கள்?" என்று கேட்டுத்தானே ஆகவேண்டும்?

இதை இடைக்காலத்து இருட்டு என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். சூனிய வேட்டையின் உச்சம் ஏறக்குறைய 1560 முதல் 1650 வரை. அச்சகம் வந்து நூறு வருடம் கழித்து, கலிலியோ தொலைநோக்கியில் கண் வைத்திருந்த அதே காலத்தில். ஐரோப்பா முழுக்கக் கொல்லப்பட்டவர்கள் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் பேர் வரை என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்லும் கணக்கு. பாதிக்குப் பக்கமாக ஜெர்மன் நிலப்பகுதிகளில். முக்கால்வாசிக்கு மேல் பெண்கள், ஆனால் ஐஸ்லாந்தில் பெரும்பாலும் ஆண்கள். தண்டனை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சாமியார்கள் அல்லர், சாதாரண ஊர் நீதிமன்றங்கள். 1532-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கொண்டுவந்த குற்றவியல் சட்டத்தில், மந்திரத்தால் தீங்கு செய்தால் தீயிலிட வேண்டும் என்று ஒரு பிரிவே உண்டு.

சரி, லேயோன்பர்க்குக்கு வருவோம்.

கெப்ளரின் தாயார் கத்தரீனா பக்கத்து ஊரான எல்டிங்கனில் சத்திரக்காரர் மகள். எழுதப் படிக்கத் தெரியாது. கணவர் ஹைன்ரிஷ் கூலிப்படைச் சிப்பாய். போவார், வருவார், ஒரு நாள் போனவர் திரும்பவே இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை ஆளாக்கியது கத்தரீனாதான். 1577-ல் வானத்தில் பெரிய வால்நட்சத்திரம் தெரிந்தபோது, ஆறு வயது நிரம்பாத மூத்த மகன் யோஹனஸை ஒரு மேட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டியவரும் அவர்தான். அந்த மகன் பெரியவனாகி பேரரசரின் கணிதர் ஆனார். மகள் மார்கரேத்தா ஹோய்மாடன் பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டாள். இளைய மகன் கிறிஸ்டோஃப் வெள்ளீயப் பாத்திரம் செய்பவர். நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கிறதே, அந்தச் சாதி உலோகம்தான். தாயார் வீட்டிலும் ஈயக்குவளை இருந்தது. அதில் மதுவில் மூலிகை ஊறப்போட்டு வைத்திருப்பார். வந்தவர்களுக்கு ஒரு வாய் கொடுப்பார். வயிறு சரியில்லை, உடம்பு அசதி என்றால் இன்னொரு வாய்.

ஊரில் யாக்கோப் ரைன்போல்ட் என்று கண்ணாடி பதிப்பவர் ஒருவர். அவர் மனைவி உர்சுலாவுக்கு வருடக்கணக்காகத் தீராத வலி. ஒரு நாள் கத்தரீனா வீட்டில் குடித்த கசப்பான பானம் நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே கிறிஸ்டோஃபோடு தகராறு வேறு. பானத்தில் ஏதோ கலந்துவிட்டாள் கிழவி என்று 1615-ல் பேச்சு கிளம்பியது.

பேச்சோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. உர்சுலாவின் அண்ணன் தம்பியில் ஒருவரான உர்பான் க்ரோய்ட்லின் அரண்மனை நாவிதர். நாவிதர் என்றால் ரண சிகிச்சையும் அவர்தான். நம் பக்கம் முடிதிருத்துபவரை 'மருத்துவர்' என்று சொன்ன காலம் நினைவிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அந்த ஆகஸ்டில் அவரும், ஊரின் ஃபோக்ட்டான லுதேருஸ் ஐன்ஹோர்னும் சேர்ந்து குடித்தார்கள். (ஃபோக்ட் என்றால் கோமகன் சார்பில் ஊரை ஆளும் அதிகாரி, தாசில்தாரும் மாஜிஸ்திரேட்டும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ அப்படி.) போதை ஏறியதும் கத்தரீனாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். நாவிதர் வாளை உருவிக் கிழவியின் மார்பில் வைத்து, வைத்த சூனியத்தை எடு, என் தங்கையைக் குணப்படுத்து என்று மிரட்டினார். வாள் மார்பில் பட்டும் கத்தரீனா, நான் ஒன்றும் செய்யவில்லை, ஆகவே எடுக்கவும் என்னிடம் ஒன்றுமில்லை என்று நின்றுகொண்டார். எடுக்கிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.

கத்தரீனாவின் குடும்பம் அவதூறு வழக்குப் போட்டது. எனக்கு இதில் நியாயம் தெரிகிறது, அவசரமும் தெரிகிறது. வழக்கு நடந்தால் போதையில் நடந்த வாள் விவகாரம் வெளியே வரும், ஐன்ஹோர்னின் பதவிக்கு ஆபத்து. விசாரணை செய்ய வேண்டிய அதிகாரியே எதிர்க்கட்சி ஆகிவிட்டார். வழக்கு தள்ளிப்போனது, தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஐன்ஹோர்ன் சும்மா மிரட்டுகிற ஆளும் அல்ல; அதே காலத்தில் அந்த ஊரில் வேறு பெண்கள் சூனியத்துக்காகக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

அப்புறம் ஊருக்கே நினைவு திரும்ப ஆரம்பித்தது. நான் இந்த வழக்கில் அதிக நேரம் செலவிட்டது இந்த இடத்தில்தான். பள்ளி ஆசிரியர் ஒருவர் நொண்டிக்கொண்டிருந்தார். யோஹனஸின் கடிதங்கள் வந்தால் கத்தரீனா அவரிடம் எடுத்துக்கொண்டு போவார், அவர் படித்துச் சொல்வார். அவருக்கு இப்போதுதான், ஒருமுறை அந்த ஈயக்குவளையில் குடித்தோமே என்று தோன்றியது. ஒரு தையல்காரரின் இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. கிழவி தொட்டிலருகே வந்து குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். கசாப்புக்காரர் ஒருவருக்கு, கிழவி தெருவில் கடந்து போனபோது தொடை வலித்தது. யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. குழந்தை உண்மையில் இறந்தது, கால் உண்மையில் வலித்தது, கிழவி உண்மையில் வந்து போனாள். வரிசை மட்டும்தான் மாறிப்போனது.

1616 இலையுதிர்காலத்தில், அவதூறு வழக்கு ஒருவழியாக விசாரணைக்கு வர இருந்த நேரம். செங்கல் சுமந்துகொண்டு போன சிறுமிகள் வழியில் கத்தரீனாவைக் கடந்தார்கள். அதில் ஒருத்திக்குக் கை வலித்து மரத்துப்போனது. கிழவி கையில் அடித்துவிட்டாள் என்றார்கள். ஐன்ஹோர்ன் கையைப் பார்த்துவிட்டு, இது சூனியக்காரியின் பிடி, அச்சுக்கூடப் பதிந்திருக்கிறது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். கை கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது, அது வேறு விஷயம்.

இந்த இடத்தில் கத்தரீனா ஒரு பெரிய தப்புச் செய்தார். இதையெல்லாம் மேலிடத்துக்கு எழுதாமல் விட்டால் வெள்ளிக் கோப்பை ஒன்று தருகிறேன் என்று ஐன்ஹோர்னிடமே போய்ச் சொன்னார். அதிகாரிக்கு லட்டு கிடைத்த மாதிரி. போதாததற்கு இன்னொன்றும் கிளம்பியது. எப்போதோ பிரசங்கத்தில், பழங்காலத்தில் பெற்றோரின் மண்டையோட்டில் கிண்ணம் செய்து குடிப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். தன் அப்பாவின் மண்டையோட்டை எடுத்துத் தரும்படி வெட்டியானிடம் கேட்டாராம், வெள்ளி கட்டி மகன் யோஹனஸுக்குப் பரிசாகக் கொடுக்க! இதை அவர் மறுக்கவும் இல்லை. படித்தபோது தலையில் கைவைத்துக்கொண்டேன். எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு ஆள் இருப்பார்: எதையோ அரைகுறையாகக் கேட்டு, முழு அன்போடு, படுமோசமான யோசனையோடு வந்து நிற்பார்.

மகனோ தூரத்தில் ஆஸ்திரியாவின் லின்ஸில் இருந்தார். தங்கையின் கடிதம் 1615 டிசம்பர் கடைசியில்தான் கைக்கு வந்தது. உடனே லேயோன்பர்க் சபைக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினார். தாயை லின்ஸுக்கு அழைத்துக்கொண்டார். அவர் அங்கே தங்காமல் திரும்பிவிட்டார். 1617-ல் கெப்ளரே நேரில் போய்ப் பார்த்தார், பலனில்லை. வீட்டில் அடுத்தடுத்துச் சாவு. பாட்டியின் பெயர் வைத்த கைக்குழந்தை கத்தரீனா 1618 பிப்ரவரியில் இறந்தது. அந்த வருடம் மே 15-ஆம் தேதிதான் மூன்றாம் விதி அவர் கணக்கில் சரியாக வந்து உட்கார்ந்தது. பிளஸ் ஒன்னில் இருமடி மும்மடி என்று உருப்போட்டபோது, அதைக் கண்டுபிடித்தவரின் அம்மா மேல் சூனிய வழக்கு நிலுவையில் இருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால், அந்தப் பாடம் கொஞ்சம் விழிப்பாகக் கேட்டிருக்கும்.

1620-ல் கைது. மகள் வீட்டிலிருந்து, பெட்டியில். முதலில் லேயோன்பர்க், அப்புறம் கூக்லிங்கன் என்ற ஊரில் சிறை. எழுபதைத் தாண்டிய மூதாட்டியைச் சங்கிலியில் கட்டி, இரண்டு காவலாளிகளைப் போட்டார்கள். அவர்களுடைய கூலி கத்தரீனாவின் கணக்கில்.

அதே வருடம் முப்பதாண்டுப் போரின் படைகள் லின்ஸுக்குள் வந்திருந்தன. கெப்ளர் மனைவி மக்களை ரேகன்ஸ்புர்கில் விட்டுவிட்டு, வேலையையெல்லாம் அப்படியே போட்டுவிட்டுத் தாயிடம் போனார். வழக்கை அவரே கையில் எடுத்தார். நீதிமன்றக் குறிப்பேட்டில் எழுத்தர் ஒருவர், கைதி 'அந்தோ' தன் மகன், கணிதர் யோஹனஸ் கெப்ளரின் துணையோடு ஆஜரானார் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த 'அந்தோ'வில் அலுவலகத்தின் மொத்த எரிச்சலும் தெரிகிறது. வாய்ப்பேச்சில் முடியவேண்டியதையெல்லாம் எழுத்தில் கொடு என்று இந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார். டூபிங்கனில் சட்டம் சொல்லிக்கொடுத்த நண்பர் கிறிஸ்டோஃப் பேசோல்டும் துணைக்கு இருந்தார்.

1621 ஆகஸ்டில் கொடுத்த எதிர்வாதம் 128 பக்கம். சூனியமே கிடையாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அப்படி எழுதியிருந்தால் வழக்கு தோற்றிருக்கும். அவரே அப்படி நினைத்தவரும் அல்ல. அவர் செய்தது வேறு. ஒவ்வொரு சாட்சியையும் எடுத்து, எது முதலில் நடந்தது என்று கேட்டார். உர்சுலாவுக்கு நோவு முன்பே இருந்தது, அதற்கு வேறு மருந்துகளும் சாப்பிட்டிருக்கிறார். ஆசிரியர் பள்ளம் தாண்டிக் குதித்தபோது காலை ஒடித்துக்கொண்டார். சின்னப் பெண் சக்திக்கு மீறிச் செங்கல் சுமந்தால் கை மரத்துத்தான் போகும். செவ்வாய் கிரகத்தின் பாதையில் கணக்குக்கும் பார்வைக்கும் வெறும் எட்டுக் கலை வித்தியாசம் வந்ததற்காக, அதுவரை போட்ட கணக்கு மொத்தத்தையும் தூக்கியெறிந்தவர் இவர். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை. அப்படிப்பட்டவரிடம் போய், தேதி இடிக்கிற சாட்சியத்தைக் கொடுத்தால் விடுவாரா?

விசாரணையில் கத்தரீனா அழவில்லை என்பதும் ஒரு குற்றச்சாட்டு. சூனியக்காரிக்குக் கண்ணீர் வராது என்பது அன்றைய நம்பிக்கை. வாழ்க்கையில் அழுது அழுது இனி அழக் கண்ணீர் மிச்சமில்லை என்பதுதான் அவர் சொன்ன பதில்.

கோப்பு டூபிங்கன் பல்கலைக்கழகச் சட்டத்துறைக்குப் போனது. சிக்கலான வழக்குகளைச் சட்டப் பேராசிரியர்களின் கருத்துக்கு அனுப்புவது அங்கே முறை. எனக்கென்னவோ மகனின் 128 பக்கத்துக்குச் சமமாக இந்த முறையும் கிழவியைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. தூரத்தில் உட்கார்ந்து காகிதத்தை மட்டும் படிக்கிறவருக்கு, தொடை வலித்த கசாப்புக்காரர் மேல் பயமும் இல்லை, பாசமும் இல்லை. அன்றைய சட்டப்படி தண்டனைக்கு ஒப்புதல் வேண்டும், இல்லையென்றால் கண்ணால் பார்த்த இரண்டு சாட்சி வேண்டும். சூனியத்தை யார் கண்ணால் பார்ப்பது? ஆகவே ஒப்புதல். ஒப்புதலுக்குச் சித்திரவதை. சித்திரவதைக்கு மட்டும் போதுமான சந்தேகம் இருந்தால் போதும்.

அந்த வாசலைக் கடந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பாம்பெர்க் உதாரணம். அங்கே இளவரச ஆயர் (பிஷப்பும் ஆட்சியாளரும் ஒரே ஆள்) ஆட்சியில் சில வருடங்களில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஊரின் மேயராக இருந்த யோஹனஸ் யூனியுஸ் 1628 ஜூலையில், நசுங்கிய கையால் மகள் வெரோனிகாவுக்குச் சிறையிலிருந்து திருட்டுத்தனமாகக் கடிதம் எழுதினார். இந்த வீட்டுக்குள் வந்தவர் சூனியக்காரராகியே தீரவேண்டும், இல்லை தலையிலிருந்து எதையாவது கற்பனை செய்து சொல்லும்வரை வதைப்பார்கள் என்றார் அதில். அடுத்த மாதம் அவர் இல்லை. தெருத் தெருவாக அழைத்துப்போய், இந்தத் தெருவில் யார் யார் என்று கேட்டுப் பெயர் வாங்கியதையும் அவர்தான் எழுதியிருக்கிறார்.

கத்தரீனாவின் கோப்பைப் படித்த டூபிங்கன் பேராசிரியர்கள், வதைக்கும் அளவுக்குச் சந்தேகம் இல்லை, விட்டுவிடும் அளவுக்குச் சுத்தமாகவும் இல்லை என்று முடிவு செய்தார்கள். ஆகவே இடைப்பட்ட ஒரு வழி: கருவிகளைக் காட்டி மிரட்டுவது. 1621 செப்டம்பர் 28 அன்று கூக்லிங்கனில் தண்டனை நிறைவேற்றுபவரைக் கூட்டிவந்து, இது இன்னது, இது உடம்பில் இப்படி வேலை செய்யும் என்று ஒவ்வொன்றாகக் கிழவிக்கு எடுத்துக்காட்டினார்கள். மகன் உள்ளே இல்லை. கத்தரீனா, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், என் உடம்பிலிருந்து நரம்பு நரம்பாக உருவி எடுத்தாலும் ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, முழங்காலிட்டு, பரமண்டல ஜெபத்தைச் சொன்னார். அதிகாரிகள் அதை அப்படியே அறிக்கையில் எழுதி மேலே அனுப்பினார்கள். வாள் மார்பில் இருந்தபோது சொன்ன அதே பதில், ஆறு வருடம் கழித்து.

அக்டோபரில் விடுதலை. பதினாலு மாதச் சிறை. லேயோன்பர்க்குக்குத் திரும்ப முடியவில்லை. வந்தால் அடித்துக் கொன்றுவிடுவோம் என்று ஊர் காத்திருந்தது. 1622 ஏப்ரல் 13-ல் இறந்துபோனார். எல்டிங்கனில் இப்போது அவருக்கு ஒரு நினைவுச் சிலை இருக்கிறது.

மகனைத் தங்கத்தால் இழைத்துவிடக் கூடாது. இளம்வயதில் குடும்பத்தில் ஒவ்வொருவரின் ஜாதகத்தையும் எழுதிவைத்தபோது, தாயைக் குட்டை, ஒல்லி, கறுப்பு, வாயாடி, சண்டைக்காரி என்று எழுதியவர். பிரச்சினையில் பாதியைத் தன் நாக்கால் தேடிக்கொண்டவள் என்ற எரிச்சல் கடைசிவரை இருந்தது. அதோடு அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இருந்தது. 'கனவு' என்று ஒரு கதை எழுதியிருந்தார், நிலவுக்குப் போவதைப் பற்றி. அச்சாகாமல் கைப்பிரதியாக 1611-வாக்கில் அது சுற்றுக்குப் போய், டூபிங்கன் பக்கமும் வந்துவிட்டது. அதில் வரும் தாய் பியோல்க்ஸ்ஹில்டா மூலிகை விற்பவர், ஆவிகளோடு பேசுபவர். முடிதிருத்தும் கடைகளில் உட்கார்ந்து இந்தக் கதையைப் பேசினார்கள், வீட்டுக்கு வினையானது என்று பின்னால் அடிக்குறிப்பில் கெப்ளர் எழுதினார். வாளை உருவியவர் நாவிதர் என்பதை மறக்க வேண்டாம். தாய் இறந்த பிறகு, தான் சாகும்வரை, அந்தச் சிறு கதைக்கு 223 குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். 1634-ல் மகன் லுட்விக் அதை அச்சிட்டார்.

கதையை அவர் மாற்றவில்லை. அதில் சிறுவன், அம்மா மாலுமிகளுக்கு விற்க வைத்திருந்த மூலிகைப் பையை உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க அறுத்துவிடுகிறான். கோபத்தில் அம்மா அவனைக் கப்பல்காரரிடமே கொடுத்துவிடுகிறாள். ஐந்து வருடம் வானசாஸ்திரம் படித்துவிட்டு அவன் திரும்பி வருகிறான். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீ கற்றதும் எனக்குத் தெரிந்ததும் ஒன்றுதான், இனி நான் நிம்மதியாகச் சாவேன் என்கிறாள். பிறகு நிலவைப் பற்றித் தெரிந்த ஆவியை அழைக்கிறாள். தாயும் மகனும் தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, குரல் வருவதற்காகக் காத்திருக்கிறார்கள்.